அப்பம்மாவின் குரலுக்கு முதலிடம்

மொன்றியலில் ஞாயிறு காலை 9 மணி. கோடையில் அப்போது யாழ்ப்பாணத்தில் மாலை 6.30. அம்மாவுடன் வீடியோவில் கதைக்கும் நேரம். "பிள்ளை, என்ன சாப்பிட்டனி?" என்று கேட்டவ அப்படியே உறைஞ்சு போனா. மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழும்பிப் போயிட்டாள். மூன்று ஞாயிறு இப்படி நடந்தால், நாலாவது ஞாயிறு பிள்ளை வந்து உட்காரவே மாட்டாள்.

"கூடின பிளான் எடுப்பமா?" என்று மனைவி கேட்டா. தேவைப்படவில்லை. பக்கத்து அறையில் மகனின் கேம் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது.

குரல் அழைப்புக்கு அதிக வேகம் வேண்டாம். ஆனால் ஏறக்குறைய 20 மில்லிசெக்கனுக்கு ஒரு சின்னப் பொட்டலம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கேம் அப்டேட்டோ கிடைக்கிற வழி முழுவதையும் நிரப்பிவிடும். அதன் பின்னால் வரிசையில் நின்றால் அம்மாவின் குரல் பிந்தும்.

வைஃபையில் இன்னொரு சிக்கல்: ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றே (1, 6, 11). கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் அப்பார்ட்மென்ட்களில் பக்கத்து வீட்டாரோடும் அதைத்தான் பங்கு போடுகிறோம்.

நான் செய்தது இவ்வளவுதான்:

• அழைப்பு எடுக்கும் கருவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். கேபிள் போட முடிந்தால் இன்னும் நல்லது.
• ரவுட்டரில் 'க்யூஓஎஸ்' பகுதியில் அந்தக் கருவிக்கு முன்னுரிமை கொடுத்தேன்.
• அங்கேயே வேக எல்லையை, அளந்த வேகத்தில் சுமார் 90 சதவீதமாக வைத்தேன். அப்போதுதான் வரிசை நம்ம ரவுட்டரில் நிற்கும். யார் முதல் போவது என்று நாம் சொல்லலாம்.
• அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் இரவுக்கு.

யாருக்கு முதலிடம் என்ற கேள்வி இந்த ஊரில் பெரிதாகவும் வந்திருக்கிறது. மொன்றியல் நிறுவனமான வீடியோட்ரோன், 2015இல் சில இசைச் சேவைகளை மட்டும் மொபைல் டேட்டா கணக்கில் சேர்க்காமல் விட்டது. 2017 ஏப்ரலில் கனடாவின் ஒழுங்காற்று ஆணையமான சிஆர்டிசி, அது நியாயமற்ற சலுகை என்று தீர்ப்பளித்தது. எந்தச் சேவை உசத்தி என்பதை நிறுவனம் தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

வீட்டுக்குள்ளே தீர்மானிக்க வேண்டியது நாங்கள்தான். நாங்கள் சொல்லாவிட்டால் கேம்தான் முந்தும். மகனுக்கும் இதை விளக்கினேன். இப்போ ஞாயிறு காலை அப்டேட்டை அவனே நிறுத்திவிட்டு, "அப்பம்மா எடுத்திட்டாவா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறான்.