தேர்க்காலும் கன்றும்

அநுராதபுரத்திலிருந்து அரசோச்சிய எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் செய்திகளுள் ஒன்றை நம்மில் அறியாதார் இலர். மன்னனின் ஒரே மைந்தன் திசவாவியை நோக்கித் தேரூர்ந்து சென்றான். தாய்ப்பசுவோடு வழியிற் படுத்திருந்த இளங்கன்றொன்று, அவன் அறியாமலே, தேர்க்காலின்கீழ் அகப்பட்டு மாண்டது. பசு வந்து ஆராய்ச்சி மணியை இழுத்தது. மன்னன் அதே தேர்க்காலினால் மைந்தனின் தலையைத் துணிப்பித்தான். திருவாரூர் வீதியில் மனுநீதிச் சோழனின் மைந்தனுக்கு நேர்ந்ததாகப் பெரியபுராணம் பாடுவதும் இத்தகைய கதையே. பாளி நூலும் தமிழ்க் காப்பியமும் ஒருமுகமாகப் போற்றிய அரச நீதி இது.

இக்கதையை நாம் வகுப்பறையில் நடுவுநிலைமைக்குச் சான்றாகவே படிப்பிக்கிறோம். அது பொருத்தமானதே. ஆயினும், இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறொரு பொருளும் என் உள்ளத்தில் எழுகின்றது. இரண்டும் வீதி விபத்தைப் பற்றிய கதைகள். இரண்டிலும் தண்டனை உண்டு. தேரூர்ந்தவன் அத்தொழிலை எவ்வாறு கற்றான் என்ற வினா இரண்டிலும் இல்லை. பெரியபுராணத்தில் இறைவன் தோன்றிக் கன்றையும் மைந்தனையும் உயிர்ப்பித்தருளினான். மகாவம்சத்தில் அந்த அருள் இல்லை. நமது வீதிகளிலும் இல்லை.

2016, 2017 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இலங்கையின் வீதிகளில் மூவாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். நாளொன்றுக்கு எட்டுப் பேர் என்பது கணக்கு. இவர்களுட் பெரும்பான்மையோர் மோட்டார் சைக்கிளிற் சென்றோரும் கால்நடையாகச் சென்றோருமே. உலகம் முழுவதையும் நோக்கினால், 2021ஆம் ஆண்டில் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இவ்வாறு மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. போரிலும் கொள்ளை நோயிலும் மாண்டாரை எண்ணி அஞ்சுகின்ற நாம், இவற்றை மட்டும் ‘விதி’ என்று கூறி அமைந்துவிடுகிறோம்.

விதியா? 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பொல்கஹவெலையை அடுத்த யாங்கல்மோதரவில், புகைவண்டி வருமுன் கடவையைக் கடந்துவிட முயன்ற பஸ் வண்டியைக் கடுகதிப் புகைவண்டி மோதியது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் ஒரு கணத்தில் மறைந்தன. புகைவண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியை எந்தச் சாரதிதான் அறியாதவன்? சட்டம் இல்லாமலும் இல்லை. மோட்டார் வாகனங்களுக்கென நம் நாட்டில் 1951ஆம் ஆண்டிலேயே 14ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் மருத்துவச் சான்றிதழும் இன்றி அனுமதிப்பத்திரம் கிடையாது. அறிவு இருந்தது, சட்டமும் இருந்தது. இல்லாதது அவ்விரண்டையும் கைகால்களின் பழக்கமாக மாற்றும் கல்வி. ‘ஒழுகுதல்’ என்னும் வினையிலிருந்தே ‘ஒழுக்கம்’ என்னும் சொல்லைப் பெற்றவர்கள் நாம். இடையறாது ஒழுகினாலன்றி எதுவும் ஒழுக்கம் ஆகாது.

என்னிடம் படித்த மாணவன் ஒருவனை இங்கே நினைவுகூர்கிறேன். பௌதிகத்தில் அவன் கெட்டிக்காரன். ஆர்முடுகல், அமர்முடுகல் பற்றிய கணக்குகளை வகுப்பில் முதலிற் செய்து முடிப்பவன் அவனே. உயர்தரப் பரீட்சை முடிந்து மூன்றாம் மாதம், தமையனின் மோட்டார் சைக்கிளிற் சென்றவன், வீதியின் குறுக்கே வந்த மாடொன்றின்மீது மோதி மாண்டான். செத்த வீட்டில் அவன் தகப்பனார் என் கையைப் பற்றிக்கொண்டு, “மாஸ்டர், அவன் எல்லாம் படிச்ச பிள்ளையல்லோ?” என்று மட்டும் கேட்டார். மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

அவன் செய்து பழகிய கணக்கையே வீதிக்குக் கொண்டுவருவோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவன் ஆபத்தைக் கண்டு பிறேக்கை அழுத்த ஒரு செக்கன் செல்லுமாயின், அதற்குள் வண்டி 14 மீற்றர் ஓடிவிடும். நல்ல உலர்ந்த வீதியில் அது நிற்பதற்கு மேலும் 14 மீற்றர் வேண்டும். ஆக, 28 மீற்றர். வேகம் 70 ஆனால் முன்னைய தூரம் 19 மீற்றராகவும் பின்னையது 27 மீற்றராகவும் பெருகும். ஆக, 46 மீற்றர். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. பிறேக் பிடித்தபின் ஓடும் தூரமோ ஏறத்தாழ இருமடங்காயிற்று. இன்னொன்றையும் கவனியுங்கள். ஐம்பதில் வந்தவன் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தை எழுபதில் வந்தவன் அடையும்போது, அவனுடைய வண்டி இன்னும் மணிக்கு 58 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். முன்னவனுக்குக் கன்று தப்பியது. பின்னவனுக்குக் கன்றும் இல்லை, தானும் இல்லை. மழை பெய்த வீதியில் இத்தூரங்கள் இன்னும் நீளும்.

பிற நாடுகள் இப்பாடத்தை இலகுவிற் கற்றுக்கொண்டனவல்ல. பிரித்தானியாவில் 1934ஆம் ஆண்டில் 7,343 பேர் வீதியில் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே அங்கு சாரதிப் பரீட்சை கட்டாயமாயிற்று. இன்று வாகனங்கள் நான்கு கோடிக்கு மேற்பட்டுள்ள அந்நாட்டில் ஆண்டொன்றுக்கு மாள்வோர் சுமார் 1,600 பேர். பரீட்சை ஒன்றே இதனைச் சாதித்தது என்பதன்று. வீதி அமைப்பும் வண்டி அமைப்பும் மருத்துவமும் சேர்ந்தே சாதித்தன. ஆயினும் பரீட்சையின் போக்கும் மாறிற்று என்பதை நாம் கருதவேண்டும். வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்தாற் போதாது, வரவிருக்கும் ஆபத்தை முன்கூட்டியே காணும் கண் வேண்டும் என்பதற்காக, அத்திறனைச் சோதிக்கும் தனிப் பரீட்சையொன்றை 2002இல் அங்கு புகுத்தினர். நியூசிலாந்தோ 1987ஆம் ஆண்டு முதல் இளஞ்சாரதிகளுக்குப் படிப்படியாகவே உரிமை வழங்கி வருகின்றது. இரவில் தனித்து ஓட்டுவதும் தோழரை ஏற்றிச் செல்வதும் தொடக்கத்தில் அவர்களுக்குத் தடுக்கப்படுகின்றன. இளமையை இகழ்வதற்காக அன்று. அனுபவம் வரும்வரை இளமையைக் காப்பதற்காக.

நம்முடைய நிலை என்ன? பரீட்சைக்கு முதல் நாள் வினாத்தாளை மனனம் செய்கிறோம். பரீட்சைத் திடலில் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுகிறோம். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் கல்வி முடிந்தது எனக் கருதுகிறோம். திருமணத்துக்குச் சீதனமாகவும் பரீட்சைச் சித்திக்குப் பரிசாகவும் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அதனோடு தலைக்கவசத்தை அணியும் பழக்கத்தைக் கொடுத்தார்களா எனத் தம்மைத்தாமே கேட்பதில்லை. தக்க தலைக்கவசம் அணிந்தவர், விபத்தில் மாளும் அபாயத்தைப் பத்தில் நான்கு பங்களவு குறைத்துக்கொள்கிறார் என ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதற்கெனப் புதிய பாடநூல் எதுவும் வேண்டியதில்லை. மேலே சொன்ன கணக்கைப் பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் எழுதட்டும். மாணவர்கள் பாடசாலை வாயிலின்முன் 28 மீற்றரையும் 46 மீற்றரையும் தாமே அளந்து சுண்ணக்கட்டியாற் கோடிடட்டும். ஒருமுறை காலால் அளந்த தூரத்தைக் கண் மறவாது. தமிழாசிரியர் அகநானூற்றின் நான்காம் பாட்டைப் படிப்பிக்கும்போது, குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனை மாணவர் முன் நிறுத்தட்டும். பிரிந்திருந்த காதலியைக் காண விரைந்து வருகிறான் அவன். ஆயினும், பூந்தாதுண்ணும் வண்டுகள் தம் துணையோடு இருப்பவை கலங்குமே என்றஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டே வருகிறான். விரைவு அவனிடம் இருந்தது. அவ்விரைவினூடே வழியில் வாழும் சிற்றுயிரின் நினைவும் இருந்தது. சாரதிக்கு வேண்டிய கல்வி முழுவதும் அவ்வொரு செயலில் அடங்கும் என்பது என் துணிபு.

எல்லாளனின் மணி தீங்கு நேர்ந்த பின்னரே ஒலித்தது. நீதி வழங்க அது போதும். உயிர்காக்க வேண்டுமாயின் மணி முன்னரே ஒலிக்க வேண்டும். அதனை ஒலிப்பிக்கும் கயிறு இன்று ஆசிரியர் கையிலும் பெற்றோர் கையிலும் உள்ளது.