நாற்பது பின், ஏழு கம்பி

பழைய கணினிப் பெட்டியைத் திறந்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறப் பட்டைக் கேபிள் நினைவிருக்கும். ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதலாம் பின்னைக் காட்டும். திருப்பி மாட்டினால் ஹார்டு டிஸ்க் வேலை செய்யாது. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் என்றால், எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று குட்டி ஜம்பரை மாற்றிக் குத்த வேண்டும். இதுதான் ஐடிஇ, பிற்பாடு பேட்டா என்றார்கள்.

தொடக்கத்தில் தரவைச் சுமந்தது பிராசஸரேதான். பிஐஓ என்ற அந்த முறையில், டிஸ்க் தரும் 16 பிட்டுகளை ஒவ்வொரு முறையும் தானே வாங்கி நினைவகத்தில் வைக்கும். நொடிக்கு அதிகபட்சம் 16.6 எம்பி. டிஎம்ஏ வந்தபின் பிராசஸர் உத்தரவு மட்டும் போட்டது. தரவு நேரே நினைவகத்துக்குப் போனது. கணக்குப்பிள்ளை மூட்டை தூக்குவதை நிறுத்தினார்.

வேகம் கூடக் கூட, கேபிளே தடையானது. 16 தரவுக் கம்பிகளிலும் பிட்டுகள் ஒரே நேரத்தில் வந்துசேர வேண்டும். பக்கத்துக் கம்பியின் இரைச்சலும் கலக்கக் கூடாது. 66 எம்பி வேகத்துக்காக இடையிடையே 40 தரைக்கம்பிகளைச் சேர்த்தார்கள். கம்பிகள் 80 ஆயின. ஆனாலும் 133 எம்பியோடு அந்தப் பாதை முடிந்தது.

2003இல் வந்த சாட்டா கம்பிகளை ஏழாகக் குறைத்தது. போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி, மீதி மூன்றும் தரைக்கம்பி. பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியதில்லை. முதல் தலைமுறையிலேயே 150 எம்பி, மூன்றாவதில் 600. ஜம்பருக்கும் வேலையில்லை.

வீட்டுக் கணினியின் சுழலும் டிஸ்க் அந்த 600இல் பாதியைக்கூட நிரப்பாது. எஸ்எஸ்டி வந்ததும் அதுவே போதாமல் போனது. சாட்டாவின் ஏஹெச்சிஐ முறையில் ஒரே வரிசை. அதில் 32 கட்டளைகள். 2011இல் வெளியான என்விஎம்இ, பிசிஐஇ பாதையில் ஆயிரக்கணக்கான வரிசைகளுக்கு இடம் தந்தது. நான்கு தடம் கொண்ட நான்காம் தலைமுறைப் பிசிஐஇயில் நொடிக்கு சுமார் 7,000 எம்பி கிடைக்கிறது. கேபிளே இல்லை, எம்.2 அட்டையை மதர்போர்டில் செருகினால் போதும்.

ஒரு எச்சரிக்கை: சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் எம்.2 அட்டைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். எஸ்எஸ்டி வாங்கப் போகுமுன் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.