680 ரூபாய்த் துப்பாக்கி: பன்றி போனதா, பயிர் மிஞ்சியதா?

நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு பயிரிடும் விவசாயிகளிடம் இன்று பூச்சி, நோயைப் பற்றிக் கேட்டால்கூடப் பேச்சு கடைசியில் காட்டுப்பன்றியில்தான் வந்து நிற்கிறது. விதை, உரம், களையெடுப்பு என்று செலவு செய்து வளர்த்த பயிரைப் பத்துப் பன்றிகள் கொண்ட ஒரு கூட்டம் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போய்விடுகிறது. இந்த வேதனையைச் சந்தையாக்கிக்கொண்டு, 'பன்றி விரட்டும் துப்பாக்கி' என்ற பெயரில் குறைந்த விலைக் கருவிகள் வாரச் சந்தைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் விற்கப்படுகின்றன. இவற்றில் ஒன்றை வாங்கிப் பயன்படுத்திய விவசாயி ஒருவரின் அனுபவத்தையும், துப்பாக்கி பற்றிச் சட்டம் சொல்வதையும், பயிரைக் காக்க நடைமுறையில் உள்ள வழிகளையும் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

வாங்கியவர் சொல்வது

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரக் கிராமம் ஒன்றில் இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் வைத்திருப்பவர் அந்த விவசாயி. தம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடந்த ஆண்டு மார்கழிப் பட்டத்தில் ஒன்றேகால் ஏக்கரில் நிலக்கடலை விதைத்திருந்தார். 60 நாள் வரை பயிருக்குக் குறை ஒன்றுமில்லை. காய் பிடித்துப் பருப்பு முற்றத் தொடங்கியதும் பன்றிகள் வரத் தொடங்கின. முதல் இரவிலேயே பத்து சென்ட் அளவுக்குச் செடிகள் புரட்டப்பட்டன.

அந்த வாரச் சந்தையில் அவர் வாங்கியதுதான் இந்தக் குழாய்த் துப்பாக்கி. விலை 680 ரூபாய். பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை ஒட்டி, அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரைப் பின்புறம் பொருத்தியிருந்தார்கள். வெல்டிங் பட்டறையில் பயன்படுத்தும் கார்பைடு கல்லை உள்ளே போட்டுத் தண்ணீர் படவைத்தால் வாயு உண்டாகும். லைட்டரை அழுத்தினால் வேட்டுச் சத்தம் கேட்கும். குண்டு எதுவும் வெளியே வராது. சத்தம் மட்டுமே ஆயுதம்.

"மொத நாலு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு வெடி போட்டா மலைப்பக்கமா ஓடும். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போட்டா போதும்னு நெனச்சேன். அஞ்சாவது நாள் வெடிச்சதும் வரப்பு வரைக்கும்தான் போச்சுங்க. எட்டாவது நாள் நான் இந்த மூலையில வெடிக்கிறேன், அது அந்த மூலையில கடலையைத் தோண்டிக்கிட்டு நிக்குது" என்கிறார் அவர்.

சத்தத்தோடு வலியோ ஆபத்தோ வரவில்லை என்றால் அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தக் கூடாது என்று பன்றி விரைவில் கற்றுக்கொள்கிறது. பறவை விரட்டும் வேட்டு, ஒலிபெருக்கியில் ஓடும் புலிச் சத்தம், தகர டப்பா என எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பன்றிக்குக் கண்பார்வை மந்தம். மோப்பமும் காதும் கூர்மை. மனிதன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதை அது மோப்பத்தாலேயே அறிந்துகொள்கிறது.

செலவுக் கணக்கையும் அவர் எழுதி வைத்திருந்தார். மூன்று வாரத்தில் கார்பைடுக்கு மட்டும் 540 ரூபாய். லைட்டர் இரண்டு முறை மாற்றினார். குழாயின் ஒட்டு ஒருமுறை விட்டுப்போனது. இருபது இரவுத் தூக்கமும் போயிற்று. அறுவடையில் வழக்கமாக வரும் மூட்டைகளில் மூன்றில் இரண்டு பங்கே கிடைத்தது.

கண் போகும் ஆபத்து

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று மயிரிழையில் தப்பியது. ஒரு மாலையில் லைட்டரை இரண்டு மூன்று முறை அழுத்தியும் துப்பாக்கி வெடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன், பதினொரு வயதுப் பையன், அதை எடுத்துக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். கூடவே கை லைட்டரில் இருந்தது. அவருடைய மனைவி ஓடிவந்து பிடுங்கிய நொடியில் அது வெடித்தது. பையனின் சட்டைத் தோளில் வெள்ளைக் கறை படிந்ததோடு போயிற்று. அன்றோடு அந்தக் குழாயை உடைத்துப் போட்டுவிட்டார்கள்.

எல்லோருக்கும் இப்படித் தப்பிக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் இதே வகைக் கார்பைடு துப்பாக்கிகளால் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண் காயத்துடன் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போயிற்று.

காரணம் எளிது. கார்பைடில் தண்ணீர் பட்டால் வருவது அசிட்டிலின் வாயு. காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கலந்தாலே தீப்பிடிக்கக்கூடியது. எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. வெடிக்காமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே வாயு கூடிக்கொண்டே போகும். 'ஏன் வெடிக்கவில்லை' என்று எட்டிப் பார்க்கும் நேரமே மிக ஆபத்தான நேரம்.

வெடித்தபின் மிஞ்சுவது நீற்றிய சுண்ணாம்பு. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். இங்கே அது சூட்டோடும் வேகத்தோடும் கருவிழியில் போய் அடிக்கிறது.

அப்படி ஏதேனும் நேர்ந்துவிட்டால் கண்ணைக் கசக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் விடக் கூடாது. இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். 108-க்கு ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கழுவத் தொடங்கிவிட வேண்டும்.

'நிஜத் துப்பாக்கியே வாங்கிவிட்டால்?'

குழாய்த் துப்பாக்கி பயன்படவில்லை என்றதும் அடுத்து எழும் கேள்வி இதுதான். அமெரிக்காவில் விவசாயிகள் விசையை அழுத்த அழுத்தத் தொடர்ந்து சுடும் அரைத் தானியங்கி ரைபிள்களால் பன்றிகளைச் சுடும் காணொளிகள் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. டெக்சாஸ் மாநிலத்தில் ஹெலிகாப்டரில் இருந்து சுடுவதற்கே 2011-இல் சட்டம் வழிவிட்டது. அந்த நாட்டில் பன்றி, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுக் காட்டில் பெருகிய விலங்கு. அதற்கு வனச்சட்டப் பாதுகாப்பு இல்லை. நம் நாட்டில் நிலைமை வேறு.

இந்திய ஆயுதச் சட்டம், 1959 பயிர்ப் பாதுகாப்புக்கென்று குறிப்பிடுவது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை மட்டுமே. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உட்புறம் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். பயிர்க் காவலுக்கென்று சட்டம் வகுத்த வழியில் அரைத் தானியங்கி ரைபிளுக்கு இடமில்லை. உரிமத்துக்கு மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணைக்குப் பிறகே முடிவு செய்யப்படும்.

உரிமம் கிடைத்தாலும் அது துப்பாக்கியை வைத்திருப்பதற்கான அனுமதி மட்டுமே. விலங்கைக் கொல்வதற்கான அனுமதி ஆகாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்து பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. 'ஊரில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்' என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

ஏர் கன் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 4.5 மி.மீ. அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அதன் குண்டு பன்றியின் தடித்த தோலில் காயம் மட்டுமே உண்டாக்கும். காயம்பட்ட பன்றி ஓடாமல் திரும்பிப் பாயும். மயில் மீதோ நாட்டுக் குரங்கு மீதோ சுட்டால் இன்னும் கடுமை. இரண்டும் அட்டவணை ஒன்றில் உள்ளவை. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

தமிழ்நாட்டில் யார் சுடலாம்?

கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியோடு, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஊருக்குள் வரும் பன்றியைச் சுட வழி செய்யப்பட்டது. அதைப் பார்த்து இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறை இதுதான். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடப்படும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். ஆனால் சுட வேண்டியது வனத்துறையினர் மட்டுமே, விவசாயி அல்ல. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறைப் பணியாளர் ஆகியோர் அடங்கிய கிராமக் குழு வழியாகக் கோரிக்கை செல்ல வேண்டும். ஆகவே நம் நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுடுவதால் மட்டும் பன்றி குறைந்துவிடும் என்பதும் சரியல்ல. அமெரிக்காவிலேயே மிசௌரி மாநில வனப் பாதுகாப்புத் துறை, தன் நிலங்களில் பன்றி வேட்டையை 2016-இல் தடை செய்தது. இரண்டு மூன்றைச் சுட்டால் மற்றவை சிதறிப் புதிய இடங்களுக்குப் போய் அங்கே பெருகுகின்றன என்பதே காரணம். ஒரு பெட்டைப் பன்றி ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் போடும். துப்பாக்கி மலிந்த நாட்டிலேயே கூட்டத்தை மொத்தமாகக் கூண்டில் பிடிப்பதுதான் பலன் தருகிறது.

தொடக்கூடாத இரண்டு வழிகள்

மின்கம்பத்திலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து நிலத்துக்காரர் மிதித்தாலும் அதே கதிதான்.

அவுட்டுக்காய் வைப்பதும் அப்படியே. அதைக் கடிப்பது பன்றியா, மேய்ச்சலுக்கு விட்ட மாடா, வீட்டு நாயா என்பது வைத்தவர் கையில் இல்லை. 2020-இல் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வெடிபொருள் வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்து இறந்ததை நாடே பார்த்தது.

பயன் தரும் வழிகள்

• பயிரைக் காக்க வேண்டிய நாட்களைக் கணக்கிடுங்கள். நிலக்கடலையில் 60-ஆம் நாள் முதல் அறுவடை வரை சுமார் 45 நாள். மக்காச்சோளத்தில் கதிர் பால் பிடித்தது முதல். செலவையும் காவலையும் அந்த நாட்களுக்கு ஒதுக்குங்கள்.

• சூரிய சக்தி மின்வேலி நல்ல பலன் தருகிறது. இதில் மின்சாரம் தொடர்ந்து பாய்வதில்லை. சுமார் ஒரு நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பாக வரும். அதிர்ச்சி தரும், உயிரைப் பறிக்காது. தரச்சான்று பெற்ற கருவியையே வாங்க வேண்டும். பன்றிக்கு முதல் கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. கம்பியில் புல் பட்டால் மின்துடிப்பு நிலத்தில் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை வேலியோரம் களை எடுக்க வேண்டும்.

• வேளாண்மைப் பொறியியல் துறை இவ்வேலிக்கு மானியம் வழங்கி வருகிறது. நடப்பு ஆண்டு மானிய அளவை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால், 2023-ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்வதும் அவசியம்.

• மக்காச்சோளத்தைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கை நெருக்கமாக விதைக்கலாம். அதன் வாடை பயிரின் வாசனையை மறைக்கும்.

• எந்த விரட்டும் முறையையும் ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். இடத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

• சேதம் ஏற்பட்டால் செடிகளை அப்புறப்படுத்தும் முன் படம் எடுங்கள். சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்றோடு வனச்சரக அலுவலகத்தில் உடனே மனு கொடுங்கள். ஒவ்வொரு சேதமும் பதிவானால்தான் அந்தக் கிராமத்துக்கு அடுத்த நடவடிக்கையும் வரும்.

சேர்ந்து போட்ட வேலி

திருவண்ணாமலை விவசாயி ஆடிப்பட்டத்தில் தனியாக இறங்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஏழு ஏக்கரையும் ஒரே சுற்றாக வளைத்து ஒரு சூரிய மின்வேலி போட்டார். தனித்தனியே போட்டிருந்தால் ஆகும் கம்பியில் பாதிகூட ஆகவில்லை. களை எடுப்பது முறைவைத்து நடக்கிறது. "ரெண்டு எடத்துல மண்ணைத் தோண்டிப் பாத்துட்டுப் போயிருக்கு. உள்ள வரல. மழை பேஞ்ச அன்னிக்கு மட்டும் டார்ச் எடுத்துக்கிட்டு ஒரு சுத்து போய் வருவோம்" என்கிறார்.

வேலிக்கு அவருடைய பங்கு, துப்பாக்கிக்குக் கொடுத்ததைப்போலப் பல மடங்கு. ஆனால் அது நான்கைந்து ஆண்டுக்கு நிற்கும். குழந்தைகள் வயலுக்கு வந்தாலும் கவலை இல்லை.

சந்தையில் குழாய்த் துப்பாக்கி கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் உடைத்துப் போடுங்கள். மீதமுள்ள கார்பைடை ஈரம் படாமலும் குழந்தைகள் கைக்கு எட்டாமலும் வைத்து, வெல்டிங் பட்டறையில் ஒப்படைத்துவிடுங்கள். மாம்பழம் பழுக்க வைக்கவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கும் தடை உண்டு. பயிர்ப் பாதுகாப்பு பற்றிய ஐயங்களுக்குக் கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551-இல் தமிழிலேயே கேட்கலாம்.