கலை அரசி (திரைப்படம்)

கலை அரசி 1963 ஏப்ரல் 19 அன்று வெளியான தமிழ் அறிவியல் புனைவுத் திரைப்படம். ஏ. காசிலிங்கம் இயக்கிய இப்படத்தில் எம். ஜி. ராமச்சந்திரன், பி. பானுமதி, எம். என். நம்பியார், ராஜஸ்ரீ ஆகியோர் நடித்தனர். இசை கே. வி. மகாதேவன். வேற்றுக்கிரகவாசிகளைக் கதையின் மையத்தில் வைத்த முதல் இந்தியப் படங்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

கதைச் சுருக்கம்

அறிவியலில் பூமியை விட முன்னேறிய ஒரு கிரகத்தில் இசை, நடனம் போன்ற கலைகள் இல்லை. அக்குறையைப் போக்க, அங்கிருந்து தின்னன் (நம்பியார்) பூமிக்கு வருகிறான். வாணி (பானுமதி) என்ற பெண்ணின் பாட்டைக் கேட்டு, அவளை விண்கலத்தில் கடத்திச் செல்கிறான். தன் கிரகத்தவருக்கு அவள் கலையைக் கற்பிக்க வேண்டும் என்பது அவன் நோக்கம். வாணியின் காதலன் மோகன் (எம்.ஜி.ஆர்.) அந்தக் கிரகத்துக்கே செல்கிறான். அங்கே தன்னைப் போன்ற தோற்றமுடைய ஒரு கோமாளியின் வேடத்தில் உலவி, அவளை மீட்க முயல்கிறான்.

காலப் பின்னணி

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் முதன்முதலாக விண்வெளிக்குச் சென்றார். அதே ஆண்டின் இறுதியில் அவர் இந்தியாவுக்கும் வந்தார். விண்வெளிப் பயணம் நாளிதழ்ச் செய்தியாகியிருந்த அந்நாட்களில்தான் இப்படம் வெளியானது. இந்தியாவின் விண்வெளித் திட்டமோ அப்போது தொடக்க நிலையில் இருந்தது. தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது 1963 நவம்பர் 21 அன்று, அதாவது படம் வெளிவந்து ஏழு மாதங்களுக்குப் பின்னரே.

மேலைநாடுகளில் இத்தகைய சாகசக் கதைகள் தொலைக்காட்சித் தொடர்களாகவும் வளர்ந்தன. பிரிட்டனின் பிபிசி 1963 நவம்பர் 23 அன்று 'டாக்டர் ஹூ' தொடரைத் தொடங்கியது. அமெரிக்காவில் 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' 1965இல் ஒளிபரப்பானது. தமிழ்நாட்டில் அன்று தொலைக்காட்சியே இல்லை; சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கப்பட்டது. எனவே தமிழ் மக்களுக்கு வேற்றுலகைக் காட்டும் பணி திரையரங்கின் வழியே நடந்தது.

வேற்றுலகில் சிக்கியவர்கள்

அந்நிய உலகில் சிக்கியவர்களின் கதைகளில், திரும்பிச் செல்லும் வழி ஏன் அடைபட்டது என்பதே முதன்மையான கேள்வி. 'டாக்டர் ஹூ'வின் இரண்டாம் கதையில், கலத்தின் ஒரு பாகத்துக்குப் பாதரசம் தேவைப்படுவதாக டாக்டர் பொய்யாகக் கூறுவதால் பயணிகள் ஸ்காரோ கிரகத்தில் தங்க நேர்கிறது. 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரில் ராபின்சன் குடும்பத்தின் கலம் வழி தவறிவிடுகிறது. இவ்விரண்டிலும் தடைக்குக் காரணமாகக் காட்டப்படுவது இயந்திரம்.

கலை அரசியில் நிலைமை வேறு. அங்கே கலம் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் அது கடத்தியவர்கள் கையில் இருக்கிறது. வாணியைச் சிறைப்படுத்துவது அவளுடைய திறமையே. விண்கலம் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பாட்டு செய்யத் தெரியவில்லை. அவர்கள் அதைக் கேட்டுப் பெறாமல், பாடுபவளையே தூக்கிச் செல்கிறார்கள். அறிவியல் வளர்ச்சி மட்டும் ஒரு சமூகத்தை முழுமையாக்காது, கலையை வலுக்கட்டாயத்தால் பெறவும் இயலாது என்ற கருத்து இதில் அடங்கியுள்ளது. பாடகியாகவும் புகழ் பெற்ற பானுமதி வாணியாக நடித்தது இக்கருத்துக்கு வலு சேர்த்தது.

மரபுக் கதைகளின் தாக்கம்

படத்தின் கரு புதியது என்றாலும், கதை சொல்லும் முறை பழையது. இளவரசி, கோமாளி, இரட்டை வேடம், மாறுவேடம் ஆகியவை அக்கால அரச கதைப் படங்களில் வழக்கமாக இருந்தவை. எம்.ஜி.ஆரை வைத்து 'மருதநாட்டு இளவரசி' (1950) படத்தை இயக்கிய காசிலிங்கத்துக்கு இவை நன்கு பழகியவை. ஏழு கடலுக்கு அப்பால் சிறைப்பட்ட இளவரசியை மீட்கும் நாட்டுப்புறக் கதையில் கடலின் இடத்தை விண்வெளியும், பறக்கும் குதிரையின் இடத்தை விண்கலமும் பெற்றன. அறிவியல் விளக்கங்களைத் தேடும் இன்றைய பார்வையாளருக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் அறிமுகமில்லாத ஒரு கருவை அன்றைய மக்களுக்கு எளிதில் புரியவைக்க இந்தப் பழகிய வடிவம் உதவியது.

பிற்காலம்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பின்னர் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. ஆனால் அது வருங்கால இந்தியாவில் நடக்கும் கதை. 2018இல் 'டிக் டிக் டிக்' இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என விளம்பரப்படுத்தப்பட்டது. தமிழ்த் திரையின் நாயகன் அதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்பே வேற்றுக்கிரகம் சென்றிருந்தான் என்பதற்குக் கலை அரசி சான்றாக உள்ளது.