கிழவன் என்றால் யார்?

பள்ளிப்பட்டு பஸ் நிலையத்தில் நின்று “தாத்தா!” என்று கூப்பிட்டுப் பாருங்கள். தமிழ் பேசும் முதியவரும் திரும்பிப் பார்ப்பார். தெலுங்கு பேசும் முதியவரும் திரும்பிப் பார்ப்பார். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த எல்லைப் பகுதி அல்லவா! ஆனால் “ஏ, கிழவா!” என்று கூப்பிட்டால்? கைத்தடிதான் உயரும்.

கோபம் நியாயமானதே. எனினும் அச்சொல்லில் ஒரு புதிர் உண்டு. அருகிலுள்ள திருத்தணி மலையில் குடிகொண்ட முருகன் என்றும் இளையவன் என்பது மரபு. அந்த முருகனையே திருமுருகாற்றுப்படை ‘கிழவோன்’ என்று அழைக்கிறது! தொல்காப்பியமோ காதல் வயப்பட்ட இளம் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்கிறது.

சோதனையின் முடிவு கொள்கையோடு முரண்பட்டால் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது பௌதிகத்தில் பாலபாடம். ‘கிழவன் என்றால் முதியவன்’ என்ற நம் கொள்கை இங்கே நிற்கவில்லை. வேறு சான்றுகளைப் பார்ப்போம்.

கோவூர் கிழார் என்ற சங்கப் புலவரின் பெயருக்குக் கோவூருக்கு உரியவர் என்பது பொருள். ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கு, அதாவது சூரியனுக்கு, உரிய நாள். ஆகவே கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரியவன், தலைவன். முருகன் மலைக்கு உரியவன் ஆதலால் கிழவோன் ஆனான்.

உரியவன் எப்படி முதியவன் ஆனான்? நிலமும் வீடும் பெரும்பாலும் குடும்பத்தில் மூத்தவர் பொறுப்பிலேயே இருந்தன. உரிமையைக் குறித்த சொல் மெல்ல வயதையும் குறிக்கத் தொடங்கியது என்று கருத இடமுண்டு. ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. மூத்தவர் என்று பொருள்படும் ‘சீனியர்’ என்ற லத்தீன் சொல், பிரெஞ்சு மொழியில் பிரபு என்னும் பொருள் பெற்று, ஆங்கிலத்தில் ‘சார்’ ஆயிற்று. அங்கே மூத்தவர் தலைவர் ஆனார். இங்கே தலைவர் மூத்தவர் ஆனார்.

பிறகு மரியாதையும் தேய்ந்தது. இன்று நாம் கேலியாகச் சொல்லும் ‘பெரிசு’ம் ‘பெரியவர்’ என்ற மதிப்புச் சொல்லின் உறவுதானே?

நாளைக் காலை நாட்காட்டியில் தாளைக் கிழிக்கும்போது ‘கிழமை’ என்ற எழுத்துகளைச் சற்றுப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா இழந்துவிட்ட பழைய மரியாதை அந்தத் தாளில் இன்னும் இருக்கிறது.