பரவிய காணொளியும் நீதிமன்றத்தில் நின்ற காணொளியும்

2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனா நகரில், இறந்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்கள் நால்வர் அரைநிர்வாணமாக வாகனத்தில் கட்டப்பட்டு அடிக்கப்பட்டனர். அதைப் படம்பிடித்துப் பரப்பியவர்கள் தாக்கியவர்களின் தரப்பினரே. ஒரு சமூகத்தை அச்சுறுத்த அவர்கள் அனுப்பிய காணொளி, சில நாட்களில் நாடெங்கும் சென்று அவர்களுக்கே எதிரான சான்றானது. நிருபர் எட்டிப்பார்க்காத ஊரிலிருந்தும், எந்த ஆசிரியரின் அனுமதியும் இன்றி, ஒரு செய்தி வெளியேற முடியும். இணைய வலைப்பின்னலின் முதன்மையான வலிமை இதுதான்.

எனினும் ஊனாவை ஓர் இயக்கமாக்கியது அக்காணொளி மட்டுமன்று. சுரேந்திரநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் மாட்டுச் சடலங்கள் கொட்டப்பட்டன. இனி அவற்றை அகற்றமாட்டோம் என்று மக்கள் உறுதியேற்றனர். ஆகஸ்ட் 5 அன்று அகமதாபாத்தில் தொடங்கிய பேரணி 15ஆம் நாள் ஊனாவை அடைந்தபோது, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் என்ற கோரிக்கை முன்னுக்கு வந்திருந்தது. அரசை அசைத்தது மறுக்கப்பட்ட உழைப்பு. அம்மறுப்பை ஊர் ஊராகக் கொண்டுசென்றதில் கைபேசிக்கும் பங்குண்டு, அவ்வளவே.

2018 ஏப்ரல் 2 வேறொரு பாடம். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த மார்ச் 20 தீர்ப்புக்கு எதிரான முழு அடைப்பு அழைப்பு, ஒற்றைத் தலைமை ஏதுமின்றி, பெருமளவு வாட்ஸ்அப், முகநூல் வழியாகவே பரவியது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துத் தீர்ப்பின் விளைவை நீக்கியதில் அந்த எழுச்சிக்குப் பெரும்பங்குண்டு. ஆனால் அன்று பலர் உயிரிழந்தனர்; பல இடங்களில் கைபேசி இணையம் துண்டிக்கப்பட்டது; வட மாநிலங்களில் தலித் இளைஞர்கள் மீது வழக்குகள் குவிந்தன. அழைத்தவர் யாரெனத் தெரியாத போராட்டத்தில், கைதானவருக்குப் பிணை கோரப் பொறுப்பேற்பவர் யாரென்பதும் தெரியாமல் போகிறது.

இக்கருவி நம்மிடம் மட்டும் இல்லை. 2015இல் கோகுல்ராஜ் கொலைவழக்கின் முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டுத் தன் சாதியினரிடம் ஆதரவு திரட்டினார். சாதிப் பெருமிதக் குழுக்கள் நம் குழுக்களைவிடப் பெரியவை, பணபலமும் மிக்கவை. அவ்வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்த பின்னும் குற்றத்தை நிறுவத் துணைநின்றது திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு. அப்பதிவு எங்கும் பரவியதால் வலிமை பெறவில்லை. முறையாகக் கைப்பற்றப்பட்டு, சட்டப்படி நிரூபிக்கப்பட்டதால் பெற்றது. 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இவ்வேறுபாட்டைத்தான் நம் தோழர்கள் பலர் கவனிப்பதில்லை. மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்கச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மேலும் கடுமையானது: கருவியைக் கையாண்டவர் ஒரு பகுதியிலும் வல்லுநர் மறுபகுதியிலும் கையொப்பமிட வேண்டும், கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்தளவு மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம் முதலிய உள்விவரங்களும் பெரும்பாலும் அழிகின்றன. எனவே ஆயிரம் பேரிடம் இருக்கும் பிரதியைவிட, படம்பிடித்தவரின் கைபேசியில் அழியாதிருக்கும் மூலக்கோப்பே வழக்குக்கு உதவும். அந்தக் கைபேசியை விற்காதீர்கள், கோப்பை வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். (கடைசியில் சொன்னது மிகையன்று, நடப்பதுதான்.)

பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, அவர் இறந்திருந்தாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். 2020இல் ஹாத்ரஸ் பெண்ணின் பெயரையே ஹேஷ்டேக் ஆக்கியவர்களில் நீதி கேட்டவர்களும் இருந்தனர். அவர்களின் சினத்தில் குறையில்லை. சட்டத்தின் பார்வையில் அது விலக்காகாது.

வன்கொடுமை வழக்கில் 60 நாட்களுக்குள் புலனாய்வு முடிய வேண்டும் என்கிறது விதி. குற்றப்பத்திரிகைக்குப் பின் இயன்றவரை இரண்டு மாதங்களில் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் ஆண்டுகள் கழிகின்றன. ஹேஷ்டேக் ஒரு வாரத்தில் மறைந்துவிடும். மூன்றாம் ஆண்டில் கூண்டேறும் சாட்சி, தான் கூலி வேலை செய்யும் நிலத்தின் உரிமையாளர் எதிர்த்தரப்பில் அமர்ந்திருப்பதைக் கண்டபடியே பேச வேண்டும். அன்று நீதிமன்றத்தில் பத்துப் பேர் அமர்ந்திருந்தால் அவர் குரல் மாறாது. வாய்தா தேதிகளை நினைவூட்டி அந்தப் பத்துப் பேரைத் திரட்ட ஒரு வாட்ஸ்அப் குழு போதும். நடவடிக்கைகளைக் காணொளியாகப் பதிவுசெய்ய 15ஏ பிரிவின்கீழ் கோரலாம். சாட்சிக்குரிய பயணப்படியையும் அன்றைய கூலியையும் விதி 11இன்படி கேட்டுப் பெறலாம். அம்மனுக்களின் வரைவைக் குழுவிலுள்ள சட்ட மாணவர் ஒருவரே எழுதிவிடலாம்.