பழைய கடிகாரமும் புதிய உறுப்புகளும்

ஹைதராபாத் நகரில் மூசி ஆற்றின் தென்கரையில் உள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், மணி நிறைவுறும் வேளை நெருங்கும்போதெல்லாம் ஒரு கடிகாரத்தின் முன் மக்கள் திரளாகக் கூடுகின்றனர். கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி நிறுவனத்தின் பெயர் தாங்கிய அக்கடிகாரத்தில், தாடியுடைய சிறு உருவம் ஒன்று கதவைத் திறந்து வெளிவந்து, உரிய எண்ணிக்கையில் மணி அடித்துவிட்டு உள்ளே செல்கிறது. 1951-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று, 1968-இல் இன்றைய கட்டடத்திற்கு மாறிய இவ்வருங்காட்சியகத்தில், மக்கள் மனத்தை மிகவும் கவர்ந்த பொருள் இதுவே எனலாம்.

ஓடுகின்ற கடிகாரம் தேய்ந்தே தீரும். தேய்ந்த உறுப்புக்கு ஈடாக, அக்காலத்து உறுப்பையே தேடிப் பொருத்துவதா, இக்காலத்தில் செய்யப்பெற்றதைப் பொருத்துவதா? அருங்காட்சியகக் கடிகாரத்திற்கு மட்டுமன்றி, பாட்டனார் விட்டுச்சென்ற கைக்கடிகாரத்திற்கும், பள்ளிச் சுவரில் தொங்கும் கடிகாரத்திற்கும் இவ்வினா எழுகின்றது. முழுக் கடிகாரத்திற்கும் பொதுவான ஒரே விடை இல்லை. ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது, எதற்குச் சான்றாக நிற்கிறது என்னும் இரண்டையும் ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

முதன்மை வில்

சாவி கொடுக்கும்போது இறுகி, பின்னர் மெல்ல விரிந்து சக்கரங்களை ஓட்டுவது முதன்மை வில். பழைய வில்கள் கரி கலந்த எஃகினால் ஆனவை. அவை துருப்பிடிக்கும்; நாளடைவில் விசை குன்றும்; திடீரென ஒடியும்போது சக்கரத்தின் பற்களையும் முறித்துவிடக்கூடும். இக்காலத்துக் கலப்பு உலோக வில் துருப்பிடிப்பதில்லை, ஒடிவதும் அரிது. உள்ளே மறைந்திருக்கும் இவ்வுறுப்பைப் புதிதாக மாற்றுவதே பெரும்பாலும் நலம். ஆயின், அளவு பிசகலாகாது. வில்லின் விசை அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடினாலே விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அம்மிகைவிசை மற்ற அசல் உறுப்புகளைத் தேய்த்துவிடும்.

மயிர்வில்

சமனிச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டும் நுண்ணிய மயிர்வில்லின் நிலை வேறு. வெப்பம் ஏறினால் எஃகு மயிர்வில் தளர்ந்து, கடிகாரம் பிந்தும். இதனைச் சரிசெய்ய, பித்தளையும் எஃகும் இணைந்த, விளிம்பு வெட்டப்பெற்ற சமனிச் சக்கரத்தை முன்னோர் அமைத்தனர். வெப்பத்தில் அதன் விளிம்பு உட்புறமாக வளைந்து ஆட்டத்தை விரைவுபடுத்தும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது. பின்னர், 1920-இல் நோபெல் பரிசு பெற்ற கியோம் என்னும் அறிஞரின் ஆராய்ச்சியின் பயனாக, வெப்பத்தால் பெரிதும் மாறாத நிக்கல் எஃகு மயிர்வில்கள் தோன்றின. அவை மேலானவையே. எனினும், பழைய வெட்டுச் சக்கரத்துடன் புதிய மயிர்வில்லைச் சேர்த்தால், இல்லாத குறையைச் சக்கரம் ஈடுசெய்யத் தொடங்கும். கோடை வெயிலில் கடிகாரம் முந்தும். ஆகவே இங்கு அசல் உறுப்பையோ, அதே வகை உறுப்பையோ நாடுவதே முறை.

முகப்பும் கண்ணாடியும்

முகப்பு, முட்கள், கூடு ஆகியவை கடிகாரத்தின் வரலாற்றைக் கூறுபவை. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிலை மூடுவதென 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. அக்கடிகாரங்களை இன்று பலர் விரும்பித் தேடுவதால், ஆலை ஒருபோதும் வெளியிடாத வண்ணங்களில் முகப்பைத் தீட்டி விற்பாரும் உளர். மங்கிய அசல் முகப்பு உண்மையைக் கூறும். பளபளக்கும் போலி முகப்பு அதனை அழித்துவிடும். ஆகவே, படிக்கக்கூடிய முகப்பை மாற்றலாகாது.

கண்ணாடி இவ்விதிக்கு விலக்கு. முற்காலத்துச் செல்லுலாய்டு மூடிகள் சிதையும்போது வெளிப்படும் ஆவி முட்களைத் துருப்பிடிக்கச் செய்யும். அத்தகைய அசல் உறுப்பைக் கழற்றுவதே கடிகாரத்தைக் காக்கும் வழியாகும்.

ஓர் எச்சரிக்கை

இருளில் ஒளிர்வதற்காக 1960-ஆம் ஆண்டுகள் வரை பல முகப்புகளில் ரேடியம் பூசப்பட்டது. அப்பூச்சு இன்று ஒளிராதிருக்கலாம். எனினும் ஆபத்து நீங்கவில்லை. சிதைந்தது ஒளிதரும் துத்தநாகச் சேர்மமே. ரேடியத்தில் பாதி அழிவதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். அதன் தூள் உடலினுள் சென்றால் எலும்பில் தங்கிவிடும். ஆகையால், செயல்முறை வகுப்பில் பழைய கைக்கடிகாரத்தைப் பிரித்துக்காட்ட எண்ணும் ஆசிரியர்கள், ஒளிர்பூச்சுடைய முகப்பு உள்ளதை ஒதுக்கிவிடுதல் வேண்டும். அதனை மாணவர் திறக்கவோ சுரண்டவோ விடலாகாது.

பதிவு செய்தல்

எம்முடிவை மேற்கொள்ளினும் இரண்டு கடமைகள் உண்டு. கழற்றிய உறுப்பை எறிந்துவிடாமல் சிறு உறையிலிட்டுக் கடிகாரத்துடனேயே வைத்தல் ஒன்று. எது, எந்நாளில், எக்காரணத்தால் மாற்றப்பட்டது என்று எழுதி வைத்தல் மற்றொன்று. இங்ஙனம் செய்தால், இன்று நாம் தவறு செய்திருப்பினும் நாளை வருவோர் அதனைத் திருத்த இயலும். கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதே, பழைய உறுப்பைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்ளுதல் நன்று.